சனிக்கிழமைச் சட்ட வகுப்பு, திருகோணமலை: ஜூரிப் பாடத்துக்காகவே காசு கட்டலாம்

டவுனில் சனிக்கிழமை பின்னேரங்களில் நடக்கிற அந்தச் சட்ட அறிவு வகுப்புக்குப் போகலாமா என்று பல பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் போட எனக்கு ஏலாது, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். போகலாம். ஆனால் எதற்காகப் போகிறீர்கள் என்பதில் ஒரு தெளிவு வேண்டும். சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கு இதை நம்பி இருந்தால் நேரம்தான் வீண். கடந்தகால வினாத்தாள், குறிப்புக் கொப்பி, மொடல் விடை ஒன்றும் கிடையாது. பேப்பரில் ஒரு தீர்ப்பைப் படித்துவிட்டு 'இவங்கள் ஏன் இப்படித் தீர்த்தாங்கள்' என்று மண்டையைக் குடைகிற ஆளாக இருந்தால் இதைப் போல இன்னொரு இடம் கிழக்கு மாகாணத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

இடத்தின் பெயரையும் பாடம் எடுக்கிற சேரின் பெயரையும் போடவில்லை. குறையும் எழுதப் போகிறேன், மனுசன் பாவம், நல்லவர். திருமலையில் ஒரு சட்டத்தரணியின் பழைய வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்டபம் என்றால் தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

மாதம் 3000 ரூபாய். போட்டோ கொப்பிக்கு வேறாக எடுப்பார்கள், அதை முதலில் சொல்ல மாட்டார்கள். வருகிறவர்கள் கலவையான கூட்டம். என்னைப் போலக் கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள், ஏ.எல். எழுதிவிட்டு றிசல்ற் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள், கிண்ணியாவில் இருந்து வருகிற இரண்டு மூன்று ஆசிரியைகள், மூதூர் கிளிவெட்டிப் பக்கத்து ஆட்கள், ஒரு ஓய்வுபெற்ற பொலிஸ்காரரும் இருக்கிறார். ஒவ்வொரு கிழமையும் ஒரு தீர்ப்பு அல்லது ஒரு பிரச்சினை. சேர் தீர்ப்பின் முக்கியமான பக்கங்களை ஆங்கிலத்திலேயே கையில் தந்துவிட்டுத் தமிழில் கதையாகச் சொல்வார். அப்புறம் எங்களை வைத்து ஒரு விளையாட்டு. அந்த விளையாட்டில்தான் காசு வசூலாகிறது.

நான் எழுத வந்தது முக்கியமாக ஜூரிப் பாடத்தைப் பற்றி, அதாவது ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிக்க நீதிமன்றம் உட்கார வைக்கிற சாதாரண ஆட்களைப் பற்றி. இரண்டு சனிக்கிழமை ஓடியது. ஒருவரை ஜூரியாக உட்கார வைக்கும் முன் 'உனக்கு இந்த இனத்தவன் மேல் வெறுப்பு இருக்கிறதா' என்று நேராகக் கேட்கலாமா, கேட்கத்தான் வேண்டுமா, கேட்காமல் விட்டால் தீர்ப்பு நிற்குமா என்பதுதான் விஷயம். கேட்க வறட்சியாக இருக்கும், ஆனால் மண்டபத்தில் அன்றைக்கு மாதிரி சத்தம் நான் அங்கே வேறு நாளில் கேட்டதில்லை.

சேர் தொடங்கியது 2017இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் கொடுத்த பெனா ரொட்ரிகஸ் எதிர் கொலராடோ தீர்ப்பில் இருந்து. கதை இதுதான். 2007இல் கொலராடோ மாநிலத்தில் குதிரைப் பந்தயத் திடல் ஒன்றில் இரண்டு பதின்ம வயதுச் சகோதரிகளிடம் ஒருவன் தவறாக நடந்தான் என்று வழக்கு. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், மெக்சிக்கோ வம்சாவளி. ஜூரி தெரிவு நடக்கும்போது எல்லாரிடமும் பொதுவாகக் கேட்டிருக்கிறார்கள், உங்களால் நியாயமாக நடக்க முடியுமா, முடியாமல் போக ஏதாவது காரணம் இருக்கிறதா என்று. ஒருவரும் வாய் திறக்கவில்லை. சில குற்றச்சாட்டுகளில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாகி, எல்லாரும் கலைந்து போன பிறகு இரண்டு ஜூரிமார் பின்தங்கி நின்று எதிரியின் சட்டத்தரணியிடம் ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். உள்ளே கதவை மூடிக் கதைத்தபோது முன்னாள் பொலிஸ்காரரான ஒரு ஜூரி, இவன் மெக்சிக்கன், மெக்சிக்கன் ஆம்பிளையள் நினைத்ததை எடுத்துக்கொள்கிற சாதி, ஆகவே இவன்தான் செய்திருப்பான் என்ற தோரணையில் பேசியிருக்கிறார். எதிரி அந்த நேரம் வேறு இடத்தில் இருந்தான் என்று சொல்ல வந்த சாட்சியையும், அவன் கள்ளமாக நாட்டுக்குள் வந்தவன் என்று தள்ளிவிட்டார். அந்தச் சாட்சியோ சட்டபூர்வமாக வசிப்பவன், அதைக் கூண்டில் நின்றே சொல்லியுமிருக்கிறான்.

இந்த இடத்தில் எங்கள் ஓய்வுபெற்ற பொலிஸ்காரர் கொஞ்சம் நெளிந்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை.

சிக்கல் என்னவென்றால், ஜூரி அறைக்குள் என்ன பேசினார்கள் என்பதை வைத்துத் தீர்ப்பைக் குழப்பக்கூடாது என்று ஒரு பழைய விதி உண்டு. 1785இல் இங்கிலாந்தில் மான்ஸ்ஃபீல்ட் பிரபு போட்ட வழி அது. அங்கே ஜூரிமார் திருவுளச் சீட்டு மாதிரி அதிர்ஷ்டத்தில் தீர்ப்பைத் தீர்மானித்தார்கள் என்று பிறகு தெரிய வந்தும், ஜூரி வாயாலேயே அதைக் கேட்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார். விதிக்குக் காரணமும் இருக்கிறது. இல்லாவிட்டால் தோற்கிற பக்கம் ஒவ்வொரு ஜூரியின் வீட்டு வாசலிலும் போய் நிற்கும். கொலராடோ நீதிமன்றங்களும் அந்த விதியைப் பிடித்துக்கொண்டு கையை விரித்துவிட்டன. மேலே போனபோது 5க்கு 3 என்று நீதியரசர் கென்னடி எழுதிய தீர்ப்பு, இன வெறுப்பை வைத்தே குற்றவாளியாக்கினேன் என்று ஒரு ஜூரி வெளிப்படையாகப் பேசியிருந்தால் அந்தக் கதவைத் திறந்து பார்க்கலாம் என்றது. அலிட்டோ எதிர்த்து எழுதினார், தலைமை நீதியரசர் ரொபர்ட்ஸும் தோமஸும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள், தோமஸ் தனியாகவும் ஒரு எதிர்ப்பு எழுதினார். சேர் எதிர்ப்பு எழுதியவர்களின் வாதத்தையும் பாதியில் விடாமல் சொன்னார், அது எனக்குப் பிடித்தது. எத்தனையோ பேர் தங்களுக்குப் பிடித்த பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் பாடம் எடுக்கிறார்கள்.

சரி, அந்த முன்னாள் பொலிஸ்காரர் உள்ளே போகும் முன்பே அவரைக் கண்டுபிடித்திருக்கலாமே என்ற கேள்வி வருமல்லவா? வந்தது. கிண்ணியா ஆசிரியை ஒருவர்தான் கேட்டார். சேர் பதிலுக்கு எங்களைப் பார்த்து, "இப்ப நீங்க எல்லாரும் ஜூரி. ஒரு கொலை வழக்கு. உங்களால பக்கம் சாயாம இருக்க ஏலுமா, ஏலாதா?" என்றார். மண்டபம் முழுக்க ஏலும் என்று தலையாட்டியது. மீன் சந்தையில் போய் 'மீன் புதுசா' என்று கேட்பது மாதிரியான கேள்வி அது, யார் இல்லை என்று சொல்லப் போகிறார்கள்.

பிறகு சின்னச் சின்னத் துண்டுகளைக் கொடுத்தார். பெயர் எழுத வேண்டாம். "எதிரி இன்னொரு சமூகம். செத்தவர் உங்கட சமூகம். சம்பவம் நடந்தது இந்த டவுனுக்குள்ள. இதால நீங்க சாட்சியத்தப் பார்க்கிற விதம் மாறுமா?" இதுதான் கேள்வி. துண்டுகளைச் சேர்த்து ஒவ்வொன்றாக வாசித்தார். பெரும்பாலும் மாறாது என்றுதான் இருந்தது. ஒருவர் 'மாறும், மாறாது என்று எழுதினால் பொய்' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் 'எதிரியின் பெயரைச் சொல்லுங்கள், பிறகு பதில் சொல்கிறேன்' என்று எழுதியிருந்தார். யார் எழுதினதோ தெரியாது, அந்த மாதத்துக் கட்டணம் முழுவதும் அந்த ஒரு துண்டில் எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஐந்து நிமிஷத்துக்கு முன் பொதுவாகக் கேட்டபோது அந்தக் கையும் மற்றக் கைகளோடு சேர்ந்து ஏலும் என்றுதானே சொல்லியிருக்கும்.

அதற்குள் அதே ஆசிரியை எழும்பிவிட்டார். "சேர், இப்பிடிக் கேட்டா இல்லாத எண்ணத்தயும் நீங்களே கொண்டுவந்து தலைக்குள்ள போடுறீங்க. நான் எதிரி என்ன இனம் எண்டு யோசிக்காமத்தான் இருந்தன். இப்ப அதத் தவிர வேற ஒண்டும் யோசனைக்கு வருகுதில்ல." எனக்கு இது வலுவான வாதமாகப் பட்டது, இன்னும் படுகிறது. சேர் சிரித்துக்கொண்டே, "தங்கச்சி, நீங்க அமெரிக்க நீதியரசராப் போகலாம்" என்று சொல்லிவிட்டு 1931க்குக் கூட்டிக்கொண்டு போனார்.

1931 ஆல்ட்ரிஜ் வழக்கு. வொஷிங்டனில் வெள்ளைப் பொலிஸ்காரர் ஒருவரைக் கொன்றதாகக் கறுப்பின எதிரி. இனப் பாரபட்சம் பற்றி ஜூரியிடம் கேட்கச் சொல்லிக் கேட்டும் நீதிபதி மறுத்துவிட்டார், மரண தண்டனை. உயர் நீதிமன்றத்தில் இதே ஆசிரியையின் கவலை மாதிரி ஒன்று முன்வைக்கப்பட்டது, இப்படிக் கேட்பது நீதிமன்றத்துக்கே கேடு என்று. தலைமை நீதியரசர் ஹியூஸ் அதைத் திருப்பிப் போட்டார். வெறுப்பு உள்ளவர்களை ஜூரியில் உட்கார விட்டார்கள், அதைக் கண்டுபிடிக்கிற கேள்வியையும் தடுத்தார்கள் என்று சனம் நினைத்தால் அதுதான் பெரிய கேடு என்றார். தண்டனை ரத்தானது.

இதோடு முடிந்திருந்தால் கதை நேராகப் போயிருக்கும். போகவில்லை, அதனால்தான் பாடம் ருசித்தது. 1973இல் ஹாம் வழக்கு. தென் கரோலினாவில் ஃபுளோரன்ஸ் என்ற ஊர், தாடி வைத்த இளம் கறுப்பின மனித உரிமைச் செயற்பாட்டாளர், கஞ்சா வைத்திருந்தார் என்று 18 மாதச் சிறை. அவருடைய வாதமே என் வேலை பிடிக்காமல் பொலிஸ் என்னைச் சிக்க வைத்தது என்பது. இனத்தைப் பற்றிக் கேளுங்கள், தாடியைப் பற்றியும் கேளுங்கள் என்று கேட்டார். இனத்தைப் பற்றி நீதிபதி கேட்டே இருக்க வேண்டும், தாடியைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று அரசியலமைப்புச் சொல்லவில்லை என்று தீர்ப்பு. தாடிக்கு வகுப்பில் சிரிப்பு வந்தது, ஆனால் பின் வரிசையில் இருந்த கிண்ணியா நானா ஒருவர் தன் தாடியைத் தடவிக்கொண்டே, "இலங்கையில தாடியையும் கேக்கத்தான் வேணும் சேர்" என்றார். அதற்கு யாரும் பதில் வைத்திருக்கவில்லை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இந்த நாட்டில் தாடியோடு பஸ்ஸில் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

மூன்று வருஷம் கழித்து, 1976 ரிஸ்டெய்னோ வழக்கில், நீதிமன்றம் பின்வாங்கியது. பொஸ்டனில் வெள்ளையரான பல்கலைக்கழகக் காவலாளி ஒருவரைக் கொள்ளையடித்துக் கொல்லப் பார்த்ததாகக் கறுப்பின எதிரி. எதிரி ஒரு இனம், பாதிக்கப்பட்டவர் வேறு இனம் என்பது மட்டும் போதாது, வழக்கின் அடியிலேயே இனப் பிரச்சினை பின்னியிருக்க வேண்டும், அப்போதுதான் கேட்டே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இதில் ஒரு சுவாரசியம். அந்த வழக்கில் பொதுக் கேள்விக்கே ஒருவர் தனக்கு இன வெறுப்பு உண்டென்று ஒத்துக்கொண்டு விலக்கப்பட்டிருக்கிறார். பொதுக் கேள்வி எப்போதும் வீண் என்று அடித்துச் சொல்ல முடியாதபடி இது ஒன்று நிற்கிறது. ஆனால் ஒத்துக்கொண்டவரை விடுங்கள், வெட்கமில்லாத ஆள் எதற்கும் ஒத்துக்கொள்வார், பக்கத்துக் கதிரையில் பேசாமல் இருந்தவர்தான் என் கவலை.

பிறகு 1986 ஏப்ரல் 30. டேர்னர் எதிர் மரே. வேர்ஜினியாவில் நகைக்கடை முதலாளியான வெள்ளையரைக் கொன்ற கறுப்பின எதிரி, மரண தண்டனை. மரண தண்டனை வரக்கூடிய வழக்கில் எதிரியும் இறந்தவரும் வேறு வேறு இனமென்றால், இறந்தவரின் இனத்தை ஜூரிக்குச் சொல்லி, பாரபட்சம் பற்றிக் கேட்கும் உரிமை எதிரிக்கு உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் கவனியுங்கள், மரண தண்டனையை மட்டும்தான் ரத்துச் செய்தது. குற்றவாளி என்ற முடிவு அப்படியே நின்றது. இதைச் சொன்னதும்தான் மண்டபம் வெடித்தது. அதே ஜூரி. அதே கேட்கப்படாத கேள்வி. தூக்குப் போடச் சொல்ல அவர்களுக்குத் தகுதி சந்தேகம், குற்றவாளி என்று சொல்லத் தகுதி இருக்கிறதா? ஏ.எல். பிள்ளை ஒன்று மேசையில் தட்டியே கேட்டது. சேர் சொன்ன விளக்கம், தண்டனையைத் தீர்மானிக்கும்போது ஜூரிக்கு மனம்போல முடிவெடுக்கும் இடம் அதிகம், அதனால் வெறுப்பு புகுந்துகொள்ளும் இடமும் அதிகம் என்பது. எனக்கு அது ஒட்டவில்லை. சாட்சியை நம்புவதா விடுவதா என்பதிலும் இடம் இருக்கத்தானே செய்கிறது, கொலராடோக்காரர் சாட்சியைத் தள்ளியது எதை வைத்து? அந்த நீதிமன்றத்திலேயே சில நீதியரசர்கள் இதே குறையைச் சொல்லி எழுதியிருக்கிறார்கள் என்று சேர் பிறகு காட்டினார், பிள்ளைக்கு முகம் மலர்ந்துவிட்டது. டேர்னருக்கு என்ன ஆனது என்றால், மறுபடி விசாரித்து மறுபடி மரண தண்டனை கொடுத்து 1995இல் நிறைவேற்றிவிட்டார்கள்.

கனடாவைப் பற்றி இருபது நிமிஷம்தான் கிடைத்தது, அது அநியாயம். என் பார்வையில் மொத்தப் பாடத்திலும் தெளிவான தீர்ப்பு அங்கேதான் இருக்கிறது. 1993இல் ஒன்டாரியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் பார்க்ஸ் வழக்கில், எதிரி ஜமைக்காவில் இருந்து குடியேறிய கறுப்பினத்தவர், இறந்தவர் வெள்ளையர், இது உங்கள் தீர்மானத்தைப் பாதிக்குமா என்று கேட்கவிட்டிருக்க வேண்டும் என்றது. 1998இல் கனடா உயர் நீதிமன்றம் வில்லியம்ஸ் வழக்கில் இன்னும் ஒரு படி போனது. விக்டோரியா நகரத்தில் பீட்சாக் கடைக் கொள்ளை, எதிரி பழங்குடியினர். அந்த ஊரில் பழங்குடியினர் மேல் வெறுப்பு பரவிக் கிடக்கிறது என்று விசாரணை நீதிபதியே ஒத்துக்கொள்கிறார், ஆனாலும் ஜூரிமார் அதை ஒதுக்கி வைத்துவிடுவார்கள், கேட்கத் தேவையில்லை என்கிறார். நீதியரசர் மக்லாக்லின் அதை ஏற்கவில்லை. ஊருக்குள் வெறுப்பு ஊறிக் கிடந்தால் அது நீதிமன்ற வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி கழன்றுவிடும் என்று எதிர்பார்க்க முடியாது (சொற்கள் என்னுடையவை, கருத்து அவருடையது). அக்காலத்தில் கனடாவில் பதிலைக் கேட்டு இந்த ஆள் பக்கச்சார்பற்றவரா என்று தீர்மானித்ததும் சாதாரண ஆட்கள் இருவர்தான், 2019க்குப் பிறகு அது நீதிபதியின் வேலையாகிவிட்டது. இதைப் பற்றி இன்னும் கேட்டிருக்கலாம், சேர் சதாசிவம் வழக்குக்குப் போய்விட்டார்.

அது இவருடைய பெரிய குறை. மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட கிரிக்கெட் வீரர் சதாசிவத்தை 1953இல் ஜூரி விடுதலை செய்த வழக்கு என்றால் சேருக்கு நேரம் போவது தெரியாது. சதாசிவத்தின் சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா எப்படிக் குறுக்கு விசாரணை செய்தார் என்று நடித்தே காட்டுவார். கேட்கச் சுகம்தான், முதல் தடவை.

இப்போது என் உண்மையான முறைப்பாட்டுக்கு வருகிறேன். கிளிவெட்டிப் பக்கத்து அண்ணா ஒருவர் அன்றைக்கு முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு, முடிகிற நேரம் கையைத் தூக்கி, "சேர், குமாரபுரத்துக்கு ஜூரி எப்பிடி எடுத்தவங்க?" என்று கேட்டார். சேர் மணிக்கூட்டைப் பார்த்து, அது அடுத்த கிழமை என்றார். அடுத்த கிழமை எடுத்தார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அமெரிக்காவுக்கு ஒரு பின்னேரம் முழுக்க, எங்கள் மாவட்டத்துக்கு பிளேன்ரீ வரும் வரைக்கும்.

தெரியாதவர்களுக்காக. 1996 பெப்ரவரி 11, கிளிவெட்டிக்குப் பக்கத்தில் குமாரபுரம் கிராமத்தில் பெண்களும் பிள்ளைகளுமாக இருபதுக்கு மேற்பட்ட தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். இராணுவத்தினர் மேல் வழக்கு. திருகோணமலையில் நடக்க வேண்டிய வழக்கு எதிரிகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி அனுராதபுரம் மேல் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. சம்பவம் நடந்து இருபது வருஷம் கழித்து, 2016 ஜூலையில், மிஞ்சியிருந்த ஆறு கோப்ரல்களையும் ஜூரி விடுதலை செய்தது. அதே வருஷம் டிசம்பரில் தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர் ரவிராஜ் கொலை வழக்கில் கொழும்பில் சிங்களம் பேசும் விசேட ஜூரி சபை எல்லா எதிரிகளையும் விடுதலை செய்தது. அதற்கு முன், 1992 மயிலந்தனைப் படுகொலை வழக்கு, மட்டக்களப்புச் சம்பவம், அதுவும் கொழும்புக்குப் போய் 2002இல் சிங்கள ஜூரி முன் விடுதலையில் முடிந்தது.

எங்கள் சட்டத்தில் ஜூரி ஏழு பேர். ஐந்துக்கு இரண்டு என்றாலும் தீர்ப்புச் செல்லும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மொழிவாரியாக ஜூரிப் பட்டியல் இருக்கிறது, எந்தப் பட்டியலில் இருந்து என்று எதிரிதான் தெரிவு செய்வார். இதில் தவறில்லை. தன்னுடைய தலைவிதியைத் தீர்மானிக்கிறவர்களுக்குத் தன் மொழி விளங்க வேண்டும் என்று எதிரி கேட்பது நியாயம், நாளைக்குத் தமிழ்ப் பொடியன் ஒருவன் எதிரியாக நின்றால் அவனுக்கும் அதே உரிமை வேண்டும். ஆனால் இந்த நாட்டில் மொழியைத் தெரிவு செய்தால் பெரும்பாலும் இனத்தையும் தெரிவு செய்த மாதிரிதான். அப்படி வந்து உட்காருகிற ஏழு பேரிடம், இறந்தவர்கள் தமிழர்கள், எதிரிகள் உங்கள் இராணுவம், இது உங்கள் மனதை எங்கேயாவது இழுக்குமா என்று யாரும் கேட்பதில்லை. ஆட்சேபிக்கிற உரிமை சட்டத்தில் இருக்கிறது, அமெரிக்காவில் போல ஒவ்வொருவராக நிறுத்தி வைத்துக் குடைந்து கேட்கும் வழக்கம் இல்லை. குமாரபுரம் ஜூரி மனதில் வெறுப்பு இருந்தது என்று நான் எழுதவில்லை, எனக்கு அதை எழுத ஆதாரம் கிடையாது. என் ஆத்திரம் அதுவேதான். இருந்ததா இல்லையா என்று பார்க்க ஒரு கட்டமே வைக்கப்படவில்லை. ஹியூஸ் 1931இல் சொன்ன 'பெரிய கேடு' எதுவென்று விளங்கிக்கொள்ள அமெரிக்கா போகத் தேவையில்லை, மூதூர் பஸ்ஸில் ஏறினால் போதும்.

இதைத்தான் சேர் நடுவில் வைத்துப் பேசியிருக்க வேண்டும். கேட்டேன். "தம்பி, எல்லாரும் வாற இடம், சண்டை வந்திரும்" என்றார். வந்தால் வரட்டும் சேர், அந்தத் துண்டு விளையாட்டில் எல்லாரும் எழுதினார்கள், ஒருவரும் கதிரையைத் தூக்கவில்லையே. அந்த அண்ணா அடுத்த மாதத்துக்குக் கட்டணம் கட்டவில்லை. நான் போன் பண்ணிக் கேட்டேன், நெல் வெட்டு என்றார். இருக்கலாம்.

மற்றவை சட்டென்று. மண்டபத்தில் காற்று வராது, இரண்டு மின்விசிறியில் ஒன்று சுற்றுவதைவிடச் சத்தம் போடுவதே அதிகம், ஜன்னல் பக்கம் இடம் பிடியுங்கள். ஆனால் ஜன்னலில் போட்டோ கொப்பியை வைக்காதீர்கள், டவுன் மான்கள் வளவுக்குள் வந்துவிடும், அதுகளுக்குத் தீர்ப்பும் ஒன்றுதான் வாழைப்பழத் தோலும் ஒன்றுதான். ஆங்கிலப் பக்கங்களுக்குத் தமிழில் ஒரு பக்கச் சுருக்கமாவது தர வேண்டும். ஏ.எல். பிள்ளைகள் பாதி நேரம் போனில் சொல் தேடுகிறார்கள், போனை எடுத்தால் சேருக்குக் கோபம். ஒலிப்பதிவு செய்ய விட மாட்டார், அதற்கு அவர் சொல்லும் காரணம் நியாயமானது, சனம் மனம் திறந்து பேசாது. சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் முடியாது. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் போகிற பெண்கள் கடைசி அரை மணித்தியாலத்தை எப்போதும் இழக்கிறார்கள், நல்ல விவாதம் எல்லாம் அந்த அரை மணித்தியாலத்தில்தான் நடக்கிறது. அரை மணி முந்தித் தொடங்கினால் தீர்ந்தது, சொல்லியும் பார்த்தாயிற்று. பிளேன்ரீ நன்றாக இருக்கும், இஞ்சி தட்டிப் போட்டது. வடைக்குத் தனிக் காசு.

புள்ளி போடச் சொன்னால் 5க்கு மூன்றரை. குமாரபுரத்துக்கு ஒரு முழுப் பின்னேரம் ஒதுக்கினால் நாலரை போடுவேன். ஜூரிப் பாடம் ஒவ்வொரு புதுக் குழுவுக்கும் நடக்கிறது, அந்த இரண்டு சனிக்கிழமைக்கு மட்டும் போக விரும்பினால் முழு மாதக் காசு கட்டத் தேவையில்லை, பாதி வாங்குவார்கள். கோயில் திருவிழாக் காலத்திலும் நோன்பு மாதத்திலும் வகுப்பு இல்லை. பதிவு வட்ஸ்அப்பில், பதில் வர இரண்டு நாள் பிடிக்கும். போகிறவர்கள் முதல் நாளே பார்க்ஸ், வில்லியம்ஸ் இரண்டையும் கொப்பி எடுத்துக் கையில் கொண்டுபோய், சேர் சதாசிவத்தைத் தொடங்கும் முன் கனடாவைக் கேட்டுவிடுங்கள்.